காணி சங்கத்துக்கு, வீடு குடும்பத்துக்கு: கூட்டுறவுக் காணி பற்றிய ஒரு பாடம்



ஊர் திரும்பும்போது எல்லோர் மனதிலும் முதலில் வருவது வீடுதான். எத்தனை அறை, கூரைக்கு ஓடா சீற்றா, முதற்கட்டப் பணம் எப்போது கிடைக்கும் என்று கேட்கிறோம். வீடமைப்பு உதவிக்கான விண்ணப்பப் படிவமோ வேறொரு கேள்வியுடன் தொடங்குகிறது. உங்கள் காணி எது? அதற்குரிய உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் எங்கே?

2012 முதல் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே வழங்கப்பட்டது. மேசனைப் பிடிப்பதும் பொருட்களை வாங்குவதும் குடும்பத்தின் பொறுப்பாக இருந்தன. இவ்வாறான திட்டங்களில் காணிக்கு ஆவணம் காட்ட முடியாத குடும்பங்கள் பின்தங்கிப் போயின. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களின் பிள்ளைகள் பலர் முகாம்களிலேயே வளர்ந்து, அங்கேயே திருமணம் செய்தவர்கள். பெற்றோருக்கு இருந்த இரண்டு பரப்புக் காணியை நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஒருவருக்கும் வீடு கட்ட இடம் வராது. இடம்பெயர முன்னரே பிறர் காணியில் குடியிருந்த கூலிக் குடும்பங்களும் உள்ளன.

இந்தப் பாடம் முக்கியமாக அத்தகைய குடும்பங்களுக்கு உரியது. சொந்தக் காணி உள்ளவர்களும் படிக்கலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்கள் பெயரில் உறுதி இருந்தால் அது உங்கள் காணி. அதை எந்தச் சங்கத்துக்கும் கொடுக்கும்படி இந்தப் பாடம் சொல்லவில்லை.

இப்பாடத்தில் நீங்கள் அறிந்துகொள்வது:

1. கூட்டுறவுக் காணிச் சங்கம் என்றால் என்ன, அது வீட்டுச் செலவை எவ்வாறு குறைக்கிறது.
2. வேறு நாடுகளில் அது எங்கே பயன் தந்தது, எங்கே தோற்றது, ஏன் தோற்றது.
3. இலங்கையில் இதற்கு உள்ள வழிகள்.
4. சேர முன் கேட்க வேண்டிய கேள்விகள்.

1. நமக்குப் பழகிய முறைதான்

கூட்டாகக் காணி வைத்திருப்பது என்றதும் சிலர் தயங்குவர். "அண்ணன் தம்பிக்குள்ளேயே எல்லைச் சண்டை, ஊரோடு சேர்ந்து எப்படிக் காணி வைப்பது?" என்று கேட்பர். நியாயமான கேள்விதான்.

யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். தோட்டம் தனித்தனி, கிணறு பொது. இன்ன நாள் இன்னார் முறை என்று இறைப்பு நடக்கும். காணி உறுதியிலும் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் சேர்த்தே எழுதப்படும். கிணற்றில் தனக்குள்ள பங்கை ஒருவர் வெட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. முறை ஒழுங்காக இருக்கும் வரை கிணறு எல்லோருக்கும் உதவும். முறை கெட்டால் வழக்கு வரும்.

தேசவழமைச் சட்டத்திலும் இதற்கு நெருக்கமான ஒரு விதி உண்டு. பிரிக்கப்படாத காணியில் தன் பங்கை விற்க விரும்புபவர் முதலில் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இந்த முன்கொள்வனவு உரிமையை ஒழுங்குபடுத்துகிறது. காணி வெளியாரிடம் போக முன் உள்ளே இருப்பவருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கூட்டுறவுக் காணிச் சங்கமும் இதே நோக்கத்தைப் பங்காளிகளிடமிருந்து அயலுக்கு விரிக்கிறது.

2. சங்கம் எவ்வாறு இயங்குகிறது

பொதுவாக நாம் காணியையும் வீட்டையும் ஒரே சொத்தாகப் பார்க்கிறோம். இந்த முறையில் அவை இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன.

காணி சங்கத்தின் பெயரில் இருக்கும். சங்கம் அதை விற்பதில்லை. அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு நீண்டகாலக் குத்தகைக்கு அல்லது பயன்பாட்டு உரிமையுடன் வழங்கப்படும்.

வீடு குடும்பத்துக்கு உரியது. குடும்பம் அதில் வசிக்கலாம், திருத்தலாம், பெருப்பிக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். வெளியேற விரும்பினால் விதியில் சொல்லப்பட்ட விலைக்குச் சங்கத்துக்கோ, சங்கம் ஏற்கும் இன்னொரு குடும்பத்துக்கோ கொடுக்கலாம். கூடிய விலை தருகிறார் என்று வெளியாருக்கு விற்க முடியாது.

இங்கே நீங்கள் ஒன்றை விட்டுக்கொடுத்து ஒன்றைப் பெறுகிறீர்கள். விட்டுக்கொடுப்பது, காணி விலை ஏறும்போது வரும் இலாபத்தை. பெறுவது, கையில் பெருந்தொகை இல்லாமலே குடியிருக்க ஒரு நிலையான இடத்தை. இந்த இரண்டையும் எடைபோட்டுப் பார்த்த பின்னரே சேருவதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

3. செலவு எங்கே குறைகிறது

ஓர் உதாரணம் பார்ப்போம். விளங்கிக்கொள்வதற்காக அமைத்த கணக்கு இது.

12 குடும்பங்கள் சேர்ந்து 2 ஏக்கர் காணி பெறுகின்றன. 2 ஏக்கர் என்பது 32 பரப்பு. ஒரு குடும்பத்துக்கு 2 பரப்பு வீதம் 24 பரப்பு. ஒழுங்கைக்கும் கிணறுகளுக்கும் ஒரு சிறு பொது மண்டபத்துக்கும் 3 பரப்பு. மீதி 5 பரப்பு பொதுத் தோட்டத்துக்கு.

இதே குடும்பங்கள் தனித்தனியே வாங்கியிருந்தால் 12 நில அளவைகள், 12 உறுதிகள், 12 தடவை நொத்தாரிசுக் கட்டணம். சேர்ந்து வாங்கும்போது வெளி எல்லைக்கு ஓர் அளவையும் ஓர் உறுதியும் போதும். உள்ளே துண்டுகளைக் காட்டும் வரைபடம் ஒன்று வேண்டும். 12 கிணறுகளுக்குப் பதிலாக இரண்டு கிணறுகள் போதலாம். சீமெந்து, கம்பி, மணல் ஆகியவற்றை மொத்தமாக இறக்கினால் ஏற்றுக்கூலி குறையும். ஒரே மேசன் குழு வீடு வீடாகத் தொடர்ந்து வேலை செய்யலாம்.

இவை ஒரு தடவை மட்டும் கிடைக்கும் இலாபங்கள். காணி சந்தைக்குப் போகாமல் இருப்பதால் கிடைக்கும் இலாபமே நீடித்தது. பாதை திருத்தப்பட்டு, மின்சாரம் வந்து, அயலில் காணி விலை மும்மடங்கானாலும், அடுத்த தலைமுறைக் குடும்பம் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

4. தாய்லாந்து: கயிறு கட்டிய கிராமமும் சேமித்த குடும்பங்களும்

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி எமது கரைகளைப் போலவே தாய்லாந்தின் மேற்குக் கரையையும் அழித்தது. அங்கே துங் வா என்ற கிராமத்தில் மொக்கன் என்னும் கடலோடி மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்தனர். அவர்களிடம் காணிக்குப் பத்திரம் இல்லை. அலை வற்றியதும் அந்த இடம் வேறு தேவைக்கு வேண்டும் என்று அதிகாரிகள் கூறினர். மக்கள் தற்காலிக முகாமில் காத்திருக்காமல் ஊருக்குத் திரும்பி, தமது அழிந்த கிராமத்தைச் சுற்றிக் கயிறு கட்டினர். பேச்சுவார்த்தையின் முடிவில் காணியின் ஒரு பகுதியை அவர்கள் விட்டுக்கொடுத்தனர். மீதியில் கூட்டாகக் குடியிருக்கும் உரிமையைப் பெற்றனர். தனித்தனியாகப் பேசியிருந்தால் பத்திரமில்லாத ஒவ்வொரு குடும்பத்தையும் எளிதாக ஒதுக்கியிருக்கலாம்.

தாய்லாந்தில் இதற்குப் பின்னணியாக ஒரு தேசியத் திட்டம் இருந்தது. 2003இல் தொடங்கிய அதன் பெயர் பான் மன்கொங். உறுதியான குடியிருப்பு என்பது அதன் பொருள். அதன் படிமுறையைக் கவனியுங்கள்.

முதலில் குடும்பங்கள் சேமிப்புக் குழு அமைக்கின்றன. பெற விரும்பும் கடனில் 10 வீதத்தைச் சேமித்துக் காட்ட வேண்டும். பின்னர் குழு கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்யப்படுகிறது. சங்கம் காணியை வாங்குகிறது அல்லது நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கிறது. பாங்கொக் நகரில் பாங் புவா கால்வாய்க் கரையில் அத்துமீறிக் குடியிருந்தோர் என்று சொல்லப்பட்ட மக்கள் இவ்வாறுதான் அரச திறைசேரித் திணைக்களத்திடமிருந்து 30 ஆண்டுக் குத்தகை பெற்றனர்.

அரச நிறுவனம் தனிநபருக்குக் கடன் கொடுப்பதில்லை. சங்கத்துக்குக் கொடுக்கிறது, சங்கம் அங்கத்தவருக்குக் கொடுக்கிறது. சங்கம் சிறிது கூடிய வட்டி அறவிட்டு, அந்த வித்தியாசத்தை ஒதுக்கி வைக்கிறது. ஒரு குடும்பத்தில் நோய் வந்து தவணை தவறினால் அந்த ஒதுக்கத்திலிருந்து தாங்கிக்கொள்ளலாம்.

இங்கே காணிக்கு முன்பே சேமிப்பு வந்துவிட்டது. மாதாமாதம் சிறு தொகையை ஒழுங்காகக் கட்டிப் பழகாத குழுவிடம் காணி வந்தால், அந்தக் காணி நிலைப்பது கடினம்.

5. உருகுவே: உழைப்பே முதலீடு

தென் அமெரிக்காவில் உள்ள உருகுவே என்ற சிறிய நாட்டில் 1968இல் நிறைவேறிய வீடமைப்புச் சட்டம் கூட்டுறவுகளுக்கு இடம் கொடுத்தது. அங்கே பரஸ்பர உதவிக் கூட்டுறவுகளில் ஒவ்வொரு குடும்பமும் கட்டட வேலையில் வாரத்துக்கு 21 மணித்தியாலம் உழைக்கிறது. இந்த உழைப்பு மொத்தச் செலவில் 15 வீதமாகக் கணிக்கப்படுகிறது. அதாவது கையில் காசில்லாத குடும்பம் உழைப்பை முதலாக வைக்கிறது. மீதிக்கு அரச கடன் கிடைக்கிறது.

காணியும் கட்டடமும் கூட்டுறவின் பெயரில் இருக்கும். குடும்பத்துக்குப் பயன்பாட்டு உரிமை இருக்கும், அது வாரிசுக்கும் செல்லும். வெளியேறுபவர் தாம் செலுத்திய பங்கைத் திரும்பப் பெறுவார்.

எல்லா வீடுகளும் சேர்ந்தே கட்டப்படுவதால், தன் வீடு முடிந்ததும் ஒருவர் வேலைக்கு வராமல் நின்றுவிடும் பிரச்சினை குறைகிறது. நமது ஊர்களில் சிரமதானம் தெரியும். ஆனால் சிரமதானத்தில் யார் எத்தனை மணித்தியாலம் வந்தார் என்று எழுதி வைப்பதில்லை. வீட்டு வேலையில் எழுதி வைக்க வேண்டும். எழுதாத உழைப்பு பின்னர் மனத்தாங்கலாக மாறும்.

கணவனை இழந்த தாயொருவர், முதியவர், மாற்றுத்திறனாளி ஆகியோரால் கல் சுமக்க முடியாது. அவர்களுக்குச் சமையல், பொருட்களுக்குக் காவல், கணக்கு எழுதுதல், பிள்ளைகளைப் பார்த்தல் ஆகியவற்றையும் முழு மணித்தியாலமாகக் கணக்கிடும் விதி வேண்டும். அதை வேலை தொடங்க முன்னரே தீர்மானிக்க வேண்டும்.

6. பேர்லிங்டன்: விலை ஏறாத வீடு

அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்தில் பேர்லிங்டன் நகரில் 1984இல் ஒரு சமூகக் காணி நம்பிக்கைப் பொறுப்பு தொடங்கப்பட்டது. நகர சபை அதற்கு ஆரம்ப நிதி கொடுத்தது. காணி அந்த அமைப்பிடம் இருக்க, வீட்டை மட்டும் குடும்பம் வாங்குகிறது. விற்கும்போது குடும்பத்துக்குத் தான் செலுத்திய தொகையும், அனுமதியுடன் செய்த திருத்தங்களின் பெறுமதியும், விலை உயர்வில் 25 வீதமும் கிடைக்கும். மீதி உயர்வு அடுத்த குடும்பத்துக்காக வீட்டிலேயே விடப்படும்.

நமது நாணயத்தில் ஒரு கற்பனைக் கணக்காகப் பார்ப்போம்:

வீட்டை வாங்கிய விலை: 8 இலட்சம் ரூபா
பத்து ஆண்டுகளின் பின் அதன் சந்தைப் பெறுமதி: 12 இலட்சம் ரூபா
உயர்வு: 4 இலட்சம் ரூபா
உயர்வில் 25 வீதம்: 1 இலட்சம் ரூபா
விற்கும் குடும்பம் பெறுவது: 9 இலட்சம் ரூபா
அடுத்த குடும்பம் கொடுப்பது: 12 இலட்சம் அல்ல, 9 இலட்சம் ரூபா

விற்பவர் வெறுங்கையுடன் போகவில்லை. வாங்குபவரும் சந்தை விலைக்குக் கடன்படவில்லை. எத்தனை வீதம் என்பதைச் சங்கம் தீர்மானிக்கலாம். முதல் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். விற்கும் நாளில் பேசித் தீர்மானிப்போம் என்று விட்டால் அன்றைக்குச் சண்டைதான் வரும்.

7. ஈடு வைத்த காணி: ஜோர்ஜியாவின் அனுபவம்

இந்த முறையின் முன்னோடி என்று சொல்லப்படும் அமைப்பு 1969இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் தொடங்கப்பட்டது. நியூ கொமியூனிற்றீஸ் என்பது அதன் பெயர். வாக்குரிமைக்காகப் போராடியதால் வெள்ளையர் காணிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட கறுப்பினக் கமக்காரக் குடும்பங்களுக்கு நிலையான இடம் கொடுப்பது அதன் நோக்கம். அதை அமைத்தவர்கள் தேடிய முன்மாதிரிகளில் இந்தியாவின் கிராமதானமும் ஒன்று. 1951இல் வினோபா பாவே தொடங்கிய பூதான இயக்கத்திலிருந்து வளர்ந்தது அது. தனியாருக்குத் தானமாகக் கொடுத்த நிலம் மீண்டும் கைமாறிப் போவதைத் தடுக்க, நிலத்தைக் கிராமத்தின் பொறுப்பில் வைப்பது அதன் அடிப்படை.

ஜோர்ஜியாவில் ஏறத்தாழ 5,700 ஏக்கர் வாங்கப்பட்டது. ஆனால் அது கடனுக்கு வாங்கிய காணி. மழை பொய்த்த ஆண்டுகள் வந்தன. அரச அவசரக் கடன் உரிய காலத்தில் கிடைக்கவில்லை. 1985இல் கடன்காரர் காணியை எடுத்துக்கொண்டனர். இனப் பாகுபாட்டால் நேர்ந்த இழப்புக்காக 2009இல் அந்த அமைப்புக்கு 12 மில்லியன் டொலர் வழங்கத் தீர்ப்பாகியது. அதைக் கொண்டு வேறு காணி வாங்கினர். பழைய காணி திரும்பி வரவில்லை.

பொதுக் காணி என்ற பெயர் மட்டும் காணியைக் காப்பாற்றாது. ஈடு வைத்த காணி கூட்டுக் காணியானாலும் போகும். தனியாள் ஈடு வைத்தால் ஒரு குடும்பம் வீதிக்கு வரும். சங்கம் ஈடு வைத்தால் எல்லாக் குடும்பங்களும் வரும். ஆகவே சங்கத்தின் விதியில் காணியை ஈடு வைப்பதற்குத் தடை இருக்க வேண்டும். காணி வாங்கவே கடன் எடுக்க நேர்ந்தால், அது எத்தனை ஆண்டில் தீரும், ஒரு போகம் அல்லது ஒரு மீன்பிடிக் காலம் தவறினால் எங்கிருந்து கட்டுவது என்பதை எல்லா அங்கத்தவரும் அறிந்திருக்க வேண்டும்.

8. இலங்கையில் உள்ள வழிகள்

கூட்டுறவு நமக்குப் புதிதல்ல. இந்நாட்டின் முதல் கூட்டுறவுச் சட்டம் 1911இல் வந்தது. தற்போது 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் அடிப்படையாக உள்ளது. 1930களில் தொடங்கிய மூளாய் கூட்டுறவு வைத்தியசாலையும், ஊருக்கு ஊர் இருக்கும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும் நீங்கள் அறிந்தவையே. பதிவு செய்த கூட்டுறவுச் சங்கம் சட்டத்தின் முன் ஓர் ஆளைப் போன்றது. அது தன் பெயரிலேயே காணி வைத்திருக்கலாம், ஒப்பந்தம் செய்யலாம், வழக்கிடலாம்.

தனியார் காணி: சங்கம் வாங்குவதாயின் நொத்தாரிசு உறுதி முடித்துக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச்சட்டத்தின்படி, வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்ட காணி விற்பனை செல்லாது. ஊர்ப் பெரியவர் சாட்சி வைத்தாலும் செல்லாது.

அரச காணி: இந்நாட்டின் காணியில் 80 வீதத்துக்கு மேல் அரசுக்கு உரியது. அரச காணிகள் கட்டளைச்சட்டத்தின் கீழ் நீண்டகாலக் குத்தகைக்கு இடமுண்டு. சங்கமாக விண்ணப்பிக்க விரும்பினால் பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தரிடம் முதலில் பேசுங்கள். வனத்துக்கோ வேறு திணைக்களத்துக்கோ ஒதுக்கிய காணியா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். துப்புரவாக்கி, கிணறு வெட்டிய பின் அந்தச் செய்தி வரக்கூடாது.

அனுமதிப்பத்திரக் காணி: காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் கிடைத்த காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அதை உங்கள் விருப்பப்படி சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது. அத்தகைய காணி உள்ளவர்கள் பின்னுரித்தாளரின் பெயர் சரியாகப் பதியப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் குடும்பத்துக்கு முதல் பாதுகாப்பு.

9. சேர முன் கேட்க வேண்டிய கேள்விகள்

யாராவது வந்து சங்கம் அமைப்போம், காணி தருகிறோம் என்று சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தப் பத்துக் கேள்விகளைக் கேளுங்கள். நல்ல நோக்கத்துடன் வருபவர் கோபிக்கமாட்டார்.

1. சங்கம் பதிவு செய்யப்பட்டதா? பதிவு இலக்கம் என்ன?
2. உறுதி சங்கத்தின் பெயரிலா, தலைவர் செயலாளரின் பெயர்களிலா? பதவி மாறும், ஆள் வெளிநாடு போவார், இறப்பார். காணி ஆட்களின் பெயரில் இருக்கக்கூடாது.
3. காணியை விற்கவும் ஈடு வைக்கவும் விதியில் தடை உள்ளதா? அந்த விதியை மாற்ற எத்தனை பேரின் சம்மதம் வேண்டும்?
4. கணவன் மனைவி இருவரும் அங்கத்தவர்களா? கணவன் காணாமற் போயிருந்தாலோ இறந்திருந்தாலோ மனைவி தன் பெயரிலேயே சேரலாமா?
5. அங்கத்தவர் இறந்தால் வீடு யாருக்கு?
6. வெளியேறுபவருக்கு எவ்வளவு, எத்தனை மாதத்துக்குள் கொடுக்கப்படும்?
7. நோய், விபத்து, தொழில் இழப்பு ஆகியவற்றால் தவணை தவறினால் எவ்வளவு காலம் பொறுப்பார்கள்?
8. வீட்டைப் பூட்டிவிட்டுப் பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தால் உரிமை நீடிக்குமா?
9. கணக்கை யார் எழுதுகிறார்? எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை கூட்டத்தில் வாசிக்கப்படும்? கணக்காய்வு நடக்கிறதா?
10. சங்கத்தில் சேர்வதால் எமது பழைய காணி மீதான உரிமை பாதிக்கப்படுமா?

பத்தாவது கேள்விக்குத் தெளிவான பதில் எழுத்தில் வேண்டும். உங்கள் பூர்வீகக் காணி இன்னும் விடுவிக்கப்படாமல் இருக்கலாம், அல்லது அதில் வேறொருவர் குடியிருக்கலாம். கூட்டுறவுக் காணியில் குடியேறுவது அந்தக் காணியைக் கைவிடுவதாக ஆகக்கூடாது. "எனக்கு வேறு காணி எதுவும் இல்லை", "முன்னைய காணிக்கான கோரிக்கையை விலக்கிக்கொள்கிறேன்" என்ற பொருளில் எழுதப்பட்ட எந்தத் தாளிலும், விளங்காமல் கையொப்பமிட வேண்டாம். மொழி விளங்காவிட்டால் தமிழில் பிரதி கேளுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம்.

10. எங்கிருந்து தொடங்குவது

காணி தேடுவதற்கு முன் ஆறு மாதமாவது சேமிப்பைத் தொடங்குங்கள். பத்துப் பதினைந்து குடும்பங்கள் போதும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஏற்கெனவே சேமிக்கும் குழு இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். சீட்டுக் கட்டிப் பழகியவர்களுக்கு ஒழுங்காகக் கட்டுவது புதிதல்ல. ஆனால் சீட்டில் பணம் ஒருவர் கைக்குப் போய் முடிந்துவிடும். இங்கே அது வங்கிக் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கணக்கு மூவரின் பெயரில் இருக்கட்டும். குறைந்தது இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.

அதே காலத்தில் விதிகளை எழுதுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு விதியை மட்டும் எடுத்துப் பேசுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் தம் சொற்களில் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். விதி எல்லோருக்கும் விளங்கிய பின், உங்கள் பகுதிக் கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பதிவு பற்றிப் பேசுங்கள்.

ஆறு மாதத்தில் சிலர் விலகுவர். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. காணி வாங்கிய பின் விலகுவதைவிட இப்போது விலகுவது அவர்களுக்கும் உங்களுக்கும் நல்லது. மாதா மாதம் கூட்டத்துக்கு வந்து, தம் தொகையைக் கட்டி, கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்பவர்களுடன் காணி வாங்குவதே பாதுகாப்பானது.

நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்

காணி சங்கத்தின் பெயரில், வீடு குடும்பத்தின் உரிமையில்.
விற்கும் விலையை முதல் நாளிலேயே எழுதுங்கள்.
பொதுக் காணியை ஈடு வைக்காதீர்கள்.
வெள்ளைத்தாளில் காணி வாங்காதீர்கள்.
பூர்வீகக் காணியின் உரிமையைக் கைவிடாதீர்கள்.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. உங்கள் குழுவில் காணி ஆவணம் இல்லாத குடும்பங்கள் எத்தனை? ஆவணம் தொலைந்தவர்கள் யார், தொடக்கத்திலிருந்தே இல்லாதவர்கள் யார்? இந்த இரண்டு வகையினரையும் தனித்தனியே பட்டியலிடுங்கள். தொலைத்தவர்களுக்குச் சங்கம் தேவைப்படாமல் இருக்கலாம். காணிப் பதிவகத்திலோ பிரதேச செயலகத்திலோ பிரதி எடுப்பதே அவர்களுக்கு முதல் வேலை.
2. கனடாவில் உள்ள உறவினர் ஒருவர் வீட்டுக்கு இருமடங்கு விலை கொடுக்க முன்வருகிறார். சங்கத்தின் விதி அதை அனுமதிக்கவில்லை. விற்க விரும்பும் குடும்பத்துக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? அந்தக் குடும்பத்தின் இடத்தில் இருந்தும் யோசித்துப் பாருங்கள்.
3. ஓர் அங்கத்தவர் நான்கு மாதமாகத் தவணை கட்டவில்லை. கணவருக்குச் சிறுநீரக நோய். என்ன செய்வீர்கள்? அதற்குப் பணம் எங்கிருந்து வரும்?
4. உங்கள் ஊரில் பங்குக் கிணறு, பொதுக்குளம், கோவில் காணி, வாசிகசாலை ஆகியவற்றில் எது நன்றாகப் பராமரிக்கப்படுகிறது? எது கெட்டுப் போனது? ஏன் என்று முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். உங்கள் சங்கத்தின் விதிகளுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.